டிஃபெண்டர் நீக்கிய ட்ரோஜன் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்பி வருகிறது: ஃபார்மேட் அடிக்காமல் அகற்ற முடியுமா?

கேள்வியின் சுருக்கம் இது: விண்டோஸ் 11 லேப்டாப். வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் (பணம் கட்டாமல் ஓட்டும் திருட்டுப் பதிப்பு) ஒன்றை இறக்கி, ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னபடி அணைத்துவிட்டு நிறுவியிருக்கிறார். மீண்டும் ஆன் செய்ததும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் 'ட்ரோஜன்' (நல்ல மென்பொருள் போல் வேடமிட்டு வரும் கெடுநிரல்) என்று சொல்லி நீக்குகிறது. ரீஸ்டார்ட் செய்தால் அதே அறிவிப்பு. லேப்டாப்பைச் சும்மா வைத்திருந்தாலும் ஃபேன் வேகமாக ஓடுகிறது. ஃபார்மேட் செய்யாமல் சரிசெய்ய வழி உண்டா?

பல நேரங்களில் உண்டு. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். கிராக்குடன் வரும் ட்ரோஜன்களில் பெரும்பங்கு தகவல் திருடும் வகை. ரெட்லைன், விடார், லும்மா எல்லாம் இந்தக் கூட்டம்தான். லும்மா ஒன்று மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இவை ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, குக்கி, கார்டு விவரம், கிரிப்டோ வாலட், டெலிகிராம் டெஸ்க்டாப்பின் செஷன் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பிவிடும். சில அதோடு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதனால் 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்று வந்தாலும், போனது போனதுதான்.

ஆகவே முதலில் வைஃபையைத் துண்டியுங்கள், லேன் கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். பிறகு போனை எடுத்து, அதிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அந்த லேப்டாப்பில் உட்கார்ந்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அதே வழியில் போகும். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் அதை வைத்து மாற்றிவிடலாம். அடுத்து வங்கி, பிறகு சமூக ஊடகங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். திருடுபோன குக்கி என்பது ஏற்கெனவே திறந்திருக்கும் கதவு. ஓடிபி போட்டு நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு கிடைத்த அனுமதிச் சீட்டு அது, அதை வைத்திருப்பவருக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ், டெலிகிராமில் ஆக்டிவ் செஷன்ஸ், ஜிமெயிலில் ஃபார்வர்டிங், ஃபில்டர், ரெகவரி எண் ஆகியவற்றையும் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ரெகவரி மெயில் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால் மற்றதெல்லாம் வீண். கிரிப்டோ வாலட் இருந்தால் வேறொரு சாதனத்தில் புதிய வாலட் உருவாக்கி இருப்பை அதற்கு மாற்றுங்கள். பழைய வாலட்டின் ரகசியச் சொற்களை மாற்ற வழியே கிடையாது. இந்தியாவில் இருந்து, கணக்கில் பணம் போயிருந்தால், வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இனி லேப்டாப்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, அந்த அறிவிப்பை விரித்துப் பாருங்கள். பெயரே பாதிக் கதையைச் சொல்லும். 'ட்ரோஜன்: வின்32 / வக்காடாக். பி! எம்எல்' என்று இருந்தால், முதல் பகுதி வகை, அடுத்தது எந்தத் தளத்தில் ஓடும் என்பது, பிறகு குடும்பப் பெயர், அதன் பிறகு ரகம். கடைசியில் உள்ள 'எம்எல்' என்றால் மெஷின் லேர்னிங், அதாவது டிஃபெண்டர் குறிப்பிட்ட ஒரு ட்ரோஜனை அடையாளம் கண்டு சொல்லவில்லை, போக்கைப் பார்த்து ஊகித்திருக்கிறது. இந்த ஊகம் சில சமயம் நல்ல மென்பொருளையும் பிடித்துவிடும். ஆனால் கிராக் விஷயத்தில், அதுவும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரும்பி வரும்போது, 'தவறான எச்சரிக்கை' என்று நம்ப இடமே இல்லை. அதே வரியில் 'ஸ்டீலர்', 'பிடபிள்யூஎஸ்', 'ஸ்பை' போன்ற சொற்கள் இருந்தால் திருடும் வகை. 'பேக்டோர்' என்றால் வெளியிலிருந்து ஆள் உள்ளே வந்து போகும் வகை. 'காயின்மைனர்' என்றால் உங்கள் மின்சாரத்தில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டுகிறார்கள். உங்கள் ஃபேன் சத்தத்துக்குப் பொருந்துவது இதுதான். ஒரே கிராக்கில் திருடனும் மைனரும் சேர்ந்து வருவது சாதாரணம்.

பெயருக்குக் கீழே 'அஃபெக்டட் ஐட்டம்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான், திரும்பி வருவதற்கான காரணம் இருப்பதும் இங்கேதான். வரி 'ஃபைல்' என்று தொடங்கினால் கோப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியும். 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தொடங்கினால் அதை எழுப்பிவிடும் வேலைப் பதிவின் பெயர் அப்படியே கிடைக்கும். 'ரன்கீ', 'ரெக்கீ' என்றால் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். 'சிஎம்டி லைன்' என்றால் பவர்ஷெல் போன்ற விண்டோஸின் சொந்தக் கருவியை வைத்து ஒரு கட்டளையாக அது ஓடுகிறது, கோப்பைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற ஃபோல்டரைக் காட்டினால், பழைய ரெஸ்டோர் பாயின்டில் (கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் பதிவு) பிரதி ஒன்று கிடக்கிறது என்று பொருள். அந்தப் பிரதி தானாக ஓடாது, ஆனால் அந்தத் தேதிக்கு ரெஸ்டோர் செய்தால் உயிர்த்தெழும். சுத்தம் முடிந்த பிறகு பழைய ரெஸ்டோர் பாயின்டுகளை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். முதலிலேயே அழித்தால், இடையில் ஏதாவது கெட்டுப்போனால் திரும்ப வழியிருக்காது.

அடுத்து, ஸ்கேனுக்கு முன்பே பார்க்க வேண்டியது எக்ஸ்க்ளூஷன்ஸ். வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷனில் மேனேஜ் செட்டிங்ஸ் போய், பக்கத்தின் அடியில் இருக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸைத் திறங்கள். நிறுவும்போது வந்த 'இந்த ஆப் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா' பெட்டியில் 'யெஸ்' அழுத்தியிருந்தால், ட்ரோஜனுக்கு அட்மின் உரிமை கிடைத்துவிட்டது. அந்த உரிமையோடு அது செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, தன் ஃபோல்டரையோ மொத்த சி டிரைவையோ 'இங்கே பார்க்காதே' என்ற பட்டியலில் சேர்ப்பது. நூறு முறை ஃபுல் ஸ்கேன் போட்டாலும் டிஃபெண்டர் அந்த இடத்தை மிதிக்காது. நீங்கள் சேர்க்காத எல்லாவற்றையும் நீக்குங்கள், ஆனால் நீக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் பாதைதான் ட்ரோஜனின் வீட்டு முகவரி. அதே பக்கத்தில், டிஃபெண்டரின் அமைப்பைப் பிற நிரல்கள் மாற்றாமல் தடுக்கும் டாம்பர் ப்ரொடெக்‌ஷன் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது ஸ்கேன். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கடைசியாக இருக்கும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்வு செய்யுங்கள். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சுமார் 15 நிமிடம் ஸ்கேன் நடக்கும். ட்ரோஜன் ஓடாத நிலையில் அதன் கோப்புகள் பூட்டப்பட்டிருக்காது, ஒன்றை அழித்தால் இன்னொன்று திரும்ப எழுதவும் முடியாது. சாதாரண ஸ்கேனைவிட இது பலமாக இருப்பது இதனால்தான். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெகவரி கீயைக் கேட்கக்கூடும், அதை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு இரண்டாவது கருத்தாக வேறொரு ஸ்கேனர். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, இசெட் ஆன்லைன் ஸ்கேனர் மூன்றும் நம்பகமானவை. சேஃப்டி ஸ்கேனரையும் மால்வேர்பைட்ஸையும் வேறொரு சுத்தமான கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், பழையதை வைத்திருந்து பயனில்லை. அது ஓடும்போது இடையில் 'பாதிக்கப்பட்ட கோப்புகள்' என்று எண்ணிக்கை ஏறும், முடிவில் 'ஒன்றும் இல்லை' என்றும் சொல்லலாம். சந்தேகப்பட்டு மறுபடி சரிபார்த்து விடுவித்தவை அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும், முடிவை மட்டும் நம்புங்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒன்றாக நிறுவாதீர்கள், ஒன்றையொன்று மறித்துக்கொண்டு இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது.

ஸ்கேனர்கள் கோப்பை அழிப்பதில் கெட்டிக்காரர்கள். அந்தக் கோப்பை மறுபடி இறக்கச் சொல்லும் ஒற்றை வரிக் கட்டளையைப் பல நேரம் தவறவிடுவார்கள், ஏனென்றால் அந்த வரியில் இருப்பது விண்டோஸின் சொந்த நிரல். அதைக் கண்ணால் தேட வேண்டும். கணினி எழும்போது தானாக ஓடும் எல்லாவற்றையும் பட்டியலிடும் கருவி ஆட்டோரன்ஸ், இந்த வேலைக்கு அதுவே பொருத்தம். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் இதை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறந்து, ஆப்ஷன்ஸில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' டிக் செய்யுங்கள், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'வெரிஃபை கோட் சிக்னேச்சர்ஸ்' டிக் செய்யுங்கள். முன்பு நூற்றுக்கணக்கில் இருந்த வரிகள் முப்பது, நாற்பதாகக் குறையும். இளஞ்சிவப்பு வரி என்றால் வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லை அல்லது பொருந்தவில்லை. மஞ்சள் என்றால் பதிவு இருக்கிறது, அது சுட்டும் கோப்பு இல்லை. டிஃபெண்டர் கோப்பை அழித்துவிட்டு எழுப்பும் பதிவை விட்டுவிட்ட இடங்கள் பெரும்பாலும் மஞ்சளில்தான் தெரியும்.

இளஞ்சிவப்பெல்லாம் ட்ரோஜன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய பிரின்டர் டிரைவர், சிறிய நிறுவனங்களின் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் போன்றவையும் கையெழுத்தில்லாமல் இருக்கும். பாதையைப் பாருங்கள். நல்ல மென்பொருள் பெரும்பாலும் ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும். ஆப்டேட்டாவின் ரோமிங் அல்லது டெம்ப் ஃபோல்டர், ப்ரோகிராம்டேட்டா, பப்ளிக் ஃபோல்டர் ஆகியவற்றுக்குள், பொருளற்ற எழுத்துகளைக் கொட்டியது போன்ற பெயருள்ள ஃபோல்டரில் ஒரு இஎக்ஸ்இ இருந்தால் சந்தேகியுங்கள். தெரிந்த பெயர் தவறான இடத்தில் இருந்தால் சந்தேகம் தேவையே இல்லை. 'எஸ்விசிஹோஸ்ட்' என்பது விண்டோஸின் உண்மையான நிரல், வழக்கமாக சிஸ்டம்32-இல் இருந்து ஓடும், அதை எழுப்புவது சர்வீசஸ் என்ற நிரல். அதே பெயர் ஆப்டேட்டாவிலிருந்து ஓடினால் அது வேடம். பெயரில் ஒரு 'எஸ்' கூடவோ, 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யமோ இருக்கிறதா என்றும் உற்றுப் பாருங்கள்.

ஆட்டோரன்ஸில் லாகான் தாவலுக்கு அடுத்தபடி நேரம் செலவழிக்க வேண்டியது ஷெட்யூல்டு டாஸ்க்ஸில். கிராக் ட்ரோஜன்களுக்கு மிகப் பிடித்த இடம் அது. 'கூகுள் அப்டேட் டாஸ்க்' மாதிரி நல்ல பெயர் வைத்திருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு, அது எதை ஓட்டுகிறது என்று பாருங்கள். பவர்ஷெல்லை 'விண்டோஸ்டைல் ஹிடன்' என்ற சொல்லோடும், அதன் பின்னால் 'என்கோடட் கமாண்ட்' என்று பொருள் விளங்காத நீண்ட எழுத்துத் தொடரோடும் ஓட்டினால் அதுதான் உங்கள் ஆள். விண்டோஸின் சொந்த நிரல்களான எம்எஸ்எச்டிஏ ஓர் இணைய முகவரியைத் திறப்பது, டபிள்யூஸ்க்ரிப்ட் ஆப்டேட்டாவில் உள்ள விபிஎஸ் கோப்பை ஓட்டுவது, ரன்டிஎல்எல்32 டெம்ப் ஃபோல்டரில் உள்ள டிஎல்எல்லை ஏற்றுவது, இவையும் அதே ரகம். அதே பதிவை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் திறந்தால், ட்ரிகர்ஸ் தாவலில் 'லாகான் ஆகும்போது' என்றோ 'ஒவ்வொரு சில நிமிடத்துக்கும்' என்றோ இருக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் ஏன் திரும்புகிறது என்ற உங்கள் கேள்விக்கு விடை அந்த ஒரு வரி. ஆட்டோரன்ஸில் டபிள்யூஎம்ஐ என்று ஒரு தாவலும் உண்டு. வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அதில் பவர்ஷெல் வரி ஒன்று இருந்தால் விட்டுவைக்காதீர்கள்.

சந்தேகமான வரியை உடனே அழிக்காமல் முதலில் டிக்கை மட்டும் எடுங்கள். எடுத்தால் ஓடாது, தவறு என்றால் திரும்ப டிக் போடலாம். அந்தக் கோப்பின் ஹேஷ் எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) எடுத்து, பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுவது நல்லது. சொந்த ஆவணங்களை அங்கே நேரடியாக ஏற்றாதீர்கள், ஏற்றிய கோப்பைப் பிற ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்க முடியும். ட்ரோஜன் எழுதுபவர்கள் இந்தத் தளத்தையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இறக்கும்போது சில எம்பி ஜிப், விரித்தால் 700 எம்பிக்கு மேல் ஒரு செட்டப் கோப்பு. உள்ளே பெரும்பகுதி வெறும் பூஜ்யங்கள். வைரஸ்டோட்டல் ஏற்கும் வரம்பு 650 எம்பி, பல ஸ்கேனர்களும் மிகப் பெரிய கோப்புகளைத் தாண்டிப் போய்விடும், அதற்காகவே இந்தப் பருமன். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு அதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பதும் இதே நோக்கம்தான்: இறங்கும்போது யாரும் உள்ளே பார்க்கக்கூடாது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவோம். மைனர் என்றால் ஒரு விளையாட்டு காட்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே ஃபேன் அடங்கும், மூடினால் மறுபடி சத்தம் ஏறும். டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கிறதா என்று பார்த்து அது ஒளிந்துகொள்கிறது. அதே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரை (ஓடும் நிரல்களைக் காட்டும் கருவி) இறக்கி, அதன் கோப்புப் பெயரை வேறு ஏதாவதாக மாற்றித் திறந்து பாருங்கள். இரண்டு ட்ரோஜன் ப்ராசஸ்கள் ஒன்றையொன்று காவல் காப்பதும் உண்டு, ஒன்றை கில் செய்தால் மற்றது அதை எழுப்பும். அப்போது ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். எல்லாம் உறைந்த பிறகு ஒவ்வொன்றாக கில் செய்தால் எழுப்ப ஆளிருக்காது. அதன் பிறகே ஆட்டோரன்ஸ் பதிவை அழித்து, கடைசியில் கோப்பை அழியுங்கள். வரிசை மாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். கோப்பு அழியாமல் அடம்பிடித்தால் சேஃப் மோட்: ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 4-ஐ அழுத்துங்கள்.

பிரவுசரையும் விடாதீர்கள். நீங்கள் நிறுவாத எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். நீக்கியும் திரும்ப வந்தால் காரணம் இரண்டில் ஒன்று: கூகுள் கணக்கின் சிங்க் அதைத் திரும்பக் கொண்டுவருகிறது, அல்லது ரெஜிஸ்ட்ரியில் பாலிசி எழுதி வைத்திருக்கிறார்கள். சொந்த லேப்டாப்பில் குரோம் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டாவது (சில ஆன்டிவைரஸ்களும் பாலிசி எழுதும்). குரோமின் முகவரிப் பட்டையில் chrome://policy என்று அடித்துப் பாலிசி பக்கத்தைத் திறந்தால் எந்த எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவச் சொல்கிறது என்பது தெரியும். செட்டிங்ஸில் ப்ராக்ஸி ஆனில் இருக்கிறதா பாருங்கள். சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி ஃபோல்டரில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால், ஹேஷ் குறியில் (#) தொடங்காத வரிகளில் ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் இருக்கக்கூடாது. 'எல்லாத் தளமும் வருகிறது, ஆன்டிவைரஸ் தளம் மட்டும் வரவில்லை' என்பதற்குக் காரணம் அநேகமாக இங்கேதான்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது? ஆஃப்லைன் ஸ்கேனை இன்னொரு முறை ஓட்டி, மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து, ஆட்டோரன்ஸைத் திரும்பத் திறந்து பாருங்கள். பிறகு இணையத்தை இணைத்துவிட்டு ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் டிஃபெண்டரின் ஆபரேஷனல் பதிவைத் திறங்கள். 1116 என்ற எண் புதிய கண்டுபிடிப்பு, 1117 அதன்மேல் எடுத்த நடவடிக்கை, 5001 என்றால் ரியல் டைம் பாதுகாப்பு அணைக்கப்பட்டது, 5007 என்றால் டிஃபெண்டரின் அமைப்பு ஏதோ மாற்றப்பட்டது. வழக்கமான அப்டேட்டுக்கும் 5007 வரும், உள்ளே எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று படியுங்கள். நீங்கள் தொடாதபோது புதிதாக எக்ஸ்க்ளூஷன் சேர்ந்திருந்தால், அட்மின் உரிமையோடு ஏதோ இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்படி இருந்தால் மேலும் தோண்டாதீர்கள், ஃபார்மேட் செய்யுங்கள். பேக்டோர் வகை என்று பெயர் வந்தாலும், டிஃபெண்டரை ஆன் செய்யவே முடியாவிட்டாலும், ராம்னிட், சாலிட்டி போல நல்ல இஎக்ஸ்இ கோப்புகளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் வகை என்றாலும் இதே முடிவுதான். உங்கள் விஷயத்தில், ஆன்டிவைரஸை அணைத்து அட்மின் உரிமையோடு ஓட்டியிருக்கிறீர்கள். மேலே சொன்ன சுத்தம் வெற்றி பெறலாம். ஆனாலும் இதே லேப்டாப்பில் வங்கி வேலை செய்கிறீர்கள் என்றால், நான் சொல்வது ஃபார்மேட்தான். சுத்தம் செய்ய ஒரு நாள் முழுக்கப் போகலாம். புதிதாக நிறுவ இரண்டு, மூன்று மணி நேரம் போதும், மனதில் சந்தேகமும் மிஞ்சாது.

வேறொரு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பது முழுக்க அழியும். போட்டோ, வீடியோ, பிடிஎஃப், ஆவணங்களை மட்டும் வெளியில் எடுங்கள். இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, பேட், விபிஎஸ், எஸ்சிஆர், ஐஎஸ்ஓ, ஷார்ட்கட் எதுவும் வேண்டாம். எடுப்பதற்கு முன் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் செய்யுங்கள், 'பில். பிடிஎஃப்' என்று தெரிந்தது 'பில். பிடிஎஃப். இஎக்ஸ்இ' என்று முகம் காட்டக்கூடும். நிறுவும்போது எந்த டிரைவில் என்று கேட்கும் இடத்தில், உள் டிஸ்க்கில் உள்ள பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் காலி இடத்தில் நிறுவுங்கள். சி டிரைவை மட்டும் அழித்து டி டிரைவை விட்டுவைத்தால், அந்த கிராக் ஜிப் டி டிரைவின் டவுன்லோட்ஸில் பத்திரமாகக் காத்திருக்கும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், லேப்டாப்போடு வந்த விண்டோஸ் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். எடுத்துவைத்த கோப்புகளைத் திரும்பப் போடும் முன் அந்த டிரைவை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள்.

பென்டிரைவ் தயாராகும் வரை லேப்டாப்பின் வைஃபை அணைந்தே இருக்கட்டும். போனில் மாற்ற வேண்டிய பாஸ்வேர்டுகளை அந்த நேரத்தில் முடித்துவிடலாம்.